தையல் பிரித்த பிறகுதான் வைத்தியமே!

வீட்டில் வழுக்கி விழுந்து தலையில் பலத்த அடிபட்டவர்கள் உயிர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். அதன் பிறகு அவர்களை மீட்டெடுப்பது யார் பொறுப்பு?

2024 அக்டோபர் 19. பிரேசில் அதிபர் லூலா, தலைநகர் பிரேசிலியாவில் இருக்கும் அரசு இல்லத்தின் குளியலறையில் விழுந்தார். பின்மண்டையில் காயம், தையல் போட்டார்கள். நீண்ட விமானப் பயணம் கூடாது என்று டாக்டர்கள் சொன்னதால், ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த பிரிக்ஸ் மாநாட்டுக்குப் போகாமல் காணொலியில் கலந்துகொண்டார். நவம்பரில் ரியோ டி ஜெனிரோவில் ஜி20 மாநாட்டை முன்னின்று நடத்தினார். காயம் ஆறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

டிசம்பர் 9-ம் தேதி அவருக்குத் தலைவலி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மண்டைக்குள் ரத்தக் கசிவு. அன்றிரவே சாவ் பாவ்லோவுக்குக் கொண்டுபோனார்கள். விடிவதற்குள் மண்டையோட்டில் துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றினார்கள். மறுபடி கசியாமலிருக்க, மூளையுறைக்குப் போகும் ஒரு ரத்தக் குழாயை அடைக்கும் சிகிச்சையை 12-ம் தேதி செய்தார்கள். 15-ம் தேதி டிஸ்சார்ஜ்.

விழுந்ததற்கும் ஆபரேஷனுக்கும் நடுவே 50 நாள்களுக்கு மேல் ஓடிவிட்டன. கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் வந்து நிற்கும் ஒருவருக்கே இப்படி. நம் வீடுகளில், பாத்ரூமில் வழுக்கி விழுந்த தாத்தா, ‘லேசா வீங்கியிருக்கு, ஒண்ணுமில்ல’ என்று தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடுகிறார். ஒன்றரை மாதம் கழித்து நடை தள்ளாடும்போது, ‘வயசாயிடுச்சு’ என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 80 சதவிகிதத்துக்கும் அதிகமானோர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள். பிழைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை எந்தக் கணக்கும் முழுதாகச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது.

“நல்லாத்தானே பேசிட்டிருந்தாங்க!”

தலைக்காயப் பிரிவின் வாசலில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. மூளையைச் சுற்றியுள்ள உறைகளை ஒட்டி ரத்தம் கசியும் விதங்களில் இரண்டை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, மண்டையோட்டுக்கும் வெளியுறைக்கும் நடுவே தேங்கும் ரத்தம். காதுக்குச் சற்று மேலே எலும்பு மெலிதாக இருக்கும். அங்கே அடிபட்டு எலும்பு விரிசல் விட்டால், உள்ளே ஓடும் தமனி கிழிந்துவிடலாம். அடிபட்டவர் சில நிமிடம் மயங்குவார், தெளிவார், காபி கேட்பார், நன்றாகப் பேசுவார். சில மணி நேரத்தில் மறுபடி சரிவார். அந்த நடுப்பொழுதை நம்பி ஏமாந்தால் உயிர் போய்விடும். நேரத்தோடு ஆபரேஷன் செய்தால் முழுதாகவே மீள முடியும்.

இரண்டாவது வகை மெதுவாக வேலை செய்யும். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குகிறது. மூளையையும் வெளியுறையையும் இணைக்கும் நூல்போன்ற சிறு சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. லேசாக விழுந்தாலும் அவை அறுந்துவிடலாம். கசிவு சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். உள்ளே இடமும் இருப்பதால் வாரக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. பிறகு தலைவலி, தள்ளாட்டம், மறதி, பகலெல்லாம் தூக்கம், ஒரு பக்கக் கை சோர்வு. இதயத்துக்காக ‘ரத்தம் உறையாமலிருக்க’ மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். மறதி நோய் என்று எண்ணி வீட்டோடு விட்டுவிட்ட பெரியவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இந்த ரத்தக்கட்டுதான். சின்னத் துளை போட்டு ரத்தத்தை வடித்தால், பேச்சும் நடையும் திரும்பிவிடுவதைப் பலமுறை டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஐ.சி.யு. வாசலில் ஓர் எண்

பலத்த அடி என்றால் கதை வேறு. என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. கும்பகோணம் பக்கத்துக் கிராமம். விடிகாலையில் வாசல் தெளித்துவிட்டு, ஈரக் காலோடு முற்றத்தில் இறங்கியவர் மல்லாந்து விழுந்தார். பின்மண்டை கருங்கல் படியில் மோதியது. இரண்டு முறை வாந்தி. பக்கத்து வீட்டுக்காரர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கி வந்து, விசிறிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூர் போய்ச் சேரும்போது கண் திறக்கவில்லை.

ஐ.சி.யு. வாசலில் காத்திருப்பவர்கள் ஒரே நாளில் ஓர் எண்ணைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். ‘ஜி.சி.எஸ். எவ்வளவு சார்?’ கிளாஸ்கோ நகரின் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு நரம்பு அறுவை நிபுணர்கள் 1974-ல் வகுத்த ‘கிளாஸ்கோ கோமா ஸ்கேல்’ என்ற நினைவு நிலை அளவுகோல் அது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6 என மொத்தம் 15. எதற்குமே அசையாதவருக்கும் 3 உண்டு. 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம். பெரியம்மாவுக்கு 7 என்றார்கள். அந்த எண் 8 ஆனதா, 9 ஆனதா என்று கேட்டுக் கேட்டே பெரியப்பா அந்த வாரத்தைக் கடத்தினார்.

அந்த வாரத்தில் டாக்டர்கள் பார்த்த வேலையின் பின்னால் நீண்ட உழைப்பு இருக்கிறது. சி.டி. ஸ்கேன் ஒரு மனிதரின் மூளையை முதன்முதலில் படம்பிடித்தது 1971 அக்டோபரில், லண்டனில். அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதற்கான கணித வழியைக் கண்ட கார்மாக்குக்கும் 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. தலைக்காயத்தால் வரும் மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுப்பது ஒருகாலத்தில் வழக்கம். 10,000-க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்து 2004-ல் வெளியான ‘கிராஷ்’ ஆய்வு, ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் சாவு கூடியதைக் காட்டியதும் அந்த வழக்கம் நின்றது. ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசியை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால், லேசான அல்லது மிதமான காயம் உள்ளவர்களில் சாவு குறைகிறது என்று 2019-ல் அதே குழுவின் இன்னோர் ஆய்வு சொன்னது. சோடா வாங்க ஓடும் நேரத்தில் 108-க்கு போன் செய்யுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வயிற்றுக்குள் ஓர் எலும்பு

மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை. மருந்துக்கு வீக்கம் வடியாவிட்டால், மண்டையோட்டின் ஒரு பகுதியையே எடுத்துவிட்டு மூளைக்கு இடம் கொடுக்கிறார்கள். எடுத்த எலும்பைப் பல ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். சொந்த உடம்புக்குள் அது பத்திரமாக இருக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து, வீக்கம் வடிந்ததும் எடுத்துத் தலையில் பொருத்துவார்கள்.

சொல்வது எளிது. பார்ப்பது எளிதல்ல. பெரியம்மாவின் தலையில் வலது பக்கம் உள்வாங்கியிருந்தது. தோலுக்குக் கீழே துடிப்பு தெரிந்தது. அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு மேடு. ‘அம்மாவோட மண்டை ஓடு வயித்துல இருக்கு’ என்று அவர் மகளான அக்கா ஊருக்குப் போனில் சொன்னபோது, மறுமுனையில் யாருக்கும் புரியவில்லை. அந்தப் பக்கமாகப் படுக்கவைக்கக் கூடாது, எழுந்து உட்காரும்போது ஹெல்மெட் போட வேண்டும், யாரும் பாசத்தில் தலையைத் தடவிவிடக் கூடாது. வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் அக்கா இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த ஆபரேஷன் உயிரைக் காப்பாற்றும். காப்பாற்றப்பட்ட எல்லோரும் எழுந்து நடப்பார்கள் என்ற உறுதியைத் தராது. 2016-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வும் இதையே சொன்னது: சாவு வெகுவாகக் குறைந்தது, ஆனால் நினைவின்றியோ பிறர் துணையோடோ வாழ வேண்டியவர்கள் அதிகமானார்கள். எனவே டாக்டர் குடும்பத்திடம் கையெழுத்து கேட்கும்போது, ‘பிழைப்பாரா?’ என்பதோடு ‘எப்படிப் பிழைப்பார்?’ என்றும் கேளுங்கள். அதைக் கேட்பது அவநம்பிக்கை அல்ல. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டைத் தயார் செய்யும் முதல் வேலை.

“நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்”

கண் திறந்ததும் சினிமாவில் வருவதுபோல் யாரும் எழுந்து உட்காருவதில்லை. விழிப்பு படிப்படியாக வருகிறது. முதலில் குரல் வந்த திசைக்குக் கண் திரும்பும். பிறகு சொன்னபடி விரலை மடக்குவார்கள். அதற்குப் பிறகு வரும் கட்டம் குடும்பத்தைக் கலங்கடித்துவிடும். மூக்குக் குழாயைப் பிடுங்குவார்கள், அடிப்பார்கள், வாழ்நாளில் சொல்லாத கெட்ட வார்த்தை சொல்லித் திட்டுவார்கள். ‘பயந்த கோளாறு, மந்திரிச்சுக் கயிறு கட்டணும்’ என்று யாராவது சொல்வார்கள். மூளை மீண்டுவரும் வழியில் இருக்கும் ஒரு கட்டம் அது, பெரும்பாலும் கடந்துபோகும்.

அந்த நாள்களில் புதிய நினைவு எதுவும் தங்காது. ‘நான் ஏன் இங்க இருக்கேன்?’ என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பதுபோலவே பதில் சொல்ல வேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்களோ கட்டிலைச் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். ‘நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்.’ ‘இவன் யாரு தெரியுதா?’ பதில் தெரியாமல் பெரியம்மா முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, பெரியப்பா ஒரு நாள் எல்லோரையும் வெளியே அனுப்பினார். ‘யாராயிருந்தாலும் உள்ள வந்ததும் பேரையும் முறையையும் நீங்களே சொல்லுங்க’ என்றார். மறுவாழ்வு நிபுணர்கள் சொல்லும் ஆலோசனையும் அதுதான்: ஒரு நேரத்தில் ஒருவர், மெதுவான பேச்சு, டி.வி. சத்தம் வேண்டாம், கண்ணில் படும் இடத்தில் பெரிய கடிகாரமும் நாள்காட்டியும், எல்லா நாளும் ஒரே ஒழுங்கு.

உடம்பின் பக்கமும் வேலை குறைவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண். விழுங்கப் பழகும் முன் அவசரப்பட்டு வாயில் கஞ்சி ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா. மடங்கிய விரல்களைத் தினமும் நீட்டிவிடாவிட்டால் அப்படியே இறுகிவிடும். வலிப்பு மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் கவனியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.

முகம் அதே முகம், குணம் வேறு

ஆறு மாதத்தில் பெரியம்மா நடந்தார். எலும்பைப் பொருத்தி, முடியும் வளர்ந்துவிட்டது. பார்ப்பவர்கள் ‘பழைய மாதிரி ஆயிட்டாங்க’ என்றார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

யாரிடமும் அதிர்ந்து பேசாதவர், காபியில் சர்க்கரை குறைந்தால் டம்ளரை வீசினார். எதைத் தொடங்கினாலும் பாதியில் விட்டார். அரை மணி நேரம் யாராவது பேசிக்கொண்டிருந்தால் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி, சுண்டி, கருகி, வீடே நாறியது. பெரியம்மா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு வாசனை தெரியவில்லை. பெருங்காயம், மல்லிகை, பேரப்பிள்ளையின் தலையில் தேய்த்த எண்ணெய் என எதுவுமே தெரியவில்லை என்பது அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. மாதக்கணக்காகச் சாப்பாட்டைப் பிடிக்கவில்லை என்று தள்ளிவைத்ததற்கும் காரணம் அதுதான்.

அடிபட்டது பின்மண்டையில். மாறியதோ குணமும் மோப்பமும். இதற்குக் காரணம் உண்டு. மூளை மண்டையோட்டுக்குள் நீரில் மிதந்தபடி இருக்கிறது. தலை கல்லில் மோதிச் சட்டென்று நிற்கும்போது மூளை நிற்பதில்லை. உள்ளே குலுங்கி, எதிர்ப்பக்கத்திலும் மோதுகிறது. பின்பக்கமாக விழுபவர்களுக்கு முன்மூளையும் பக்க மூளையும் கன்றிப்போவது அதனால்தான். கோபத்தை அடக்குவது, ஒரு காரியத்தைத் திட்டமிட்டு முடிப்பது, எதிரில் இருப்பவரின் மனமறிந்து பேசுவது எல்லாம் முன்மூளையின் வேலை. அதற்கு அடியில்தான் மோப்ப நரம்பிழைகள் எலும்புச் சல்லடை வழியாக மூக்குக்கு இறங்குகின்றன. உலுக்கலில் அவை அறுந்துபோகின்றன.

இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால், பெரியப்பா அத்தனை இரவுகள் ‘நான் என்ன தப்புப் பண்ணினேன்?’ என்று மருகியிருக்க மாட்டார். டம்ளரை வீசியது பெரியம்மாவின் மனம் அல்ல, அவருடைய காயம். கால் ஒடிந்தவரிடம் ‘ஏன் நொண்டுகிறாய்?’ என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. மூளை அடிபட்டவரிடம் மட்டும், வெளியே கட்டு இல்லை என்பதால், சோம்பேறி, திமிர், நடிப்பு என்கிறோம். இதைவிடப் பெரிய அநியாயம் அவர்களுக்கு வேறில்லை.

முன்னேற்றம் முதல் ஆறு மாதத்தில் வேகமாக இருக்கும். பிறகு மெதுவாகும், நின்றுவிடாது. இரண்டு ஆண்டு தாண்டியும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்பவர்கள் உண்டு. பெரியம்மாவுக்கு மோப்பம் திரும்பவில்லை. ஆனால் அலாரம் வைத்துக்கொண்டு சமைக்கப் பழகினார். செய்ய வேண்டியதை வரிசையாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, முடித்ததை அடித்துக்கொண்டே வந்தார். வேலையைச் சிறு சிறு துண்டுகளாக்கி, நடுவில் ஓய்வு கொடுப்பதுதான் அந்தக் களைப்புக்கு மருந்து. கோபம் வந்தால் யாரும் எதிர்வாதம் செய்யாமல் அறையை விட்டு வெளியே வந்துவிடுவது என்று வீட்டில் ஒரு முடிவு எடுத்தார்கள். அதுவும் பலித்தது.

வேலூர் காட்டிய வழி

நரம்பு அறுவை மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி மண். 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தியும் இந்தத் துறையைத் தொடங்கினார்கள். மறுவாழ்வு மருத்துவத்திலும் அப்படித்தான். 1954-ல் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. ஆபரேஷனோடு வைத்தியம் முடிவதில்லை என்பதைத் தன் உடம்பிலேயே உணர்ந்த ஒருவர் காட்டிய வழி அது.

அந்த வழி மாவட்டங்களுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, உன்னதமான திட்டம். முற்றத்தில் விழுந்தவர் அதற்குள் வரமாட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கே அனுப்புகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி, கேட்டுப் பெறுங்கள். ஆனால் தலைக்காயத்துக்குக் கை கால் பயிற்சி மட்டும் போதாது. பேச்சுப் பயிற்சி, விழுங்கும் பயிற்சி, நினைவுப் பயிற்சி, அன்றாட வேலைகளுக்கான பயிற்சி, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேண்டும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு!

தலையில் அடிபட்டவரிடம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சி.டி. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்:

* சிறிது நேரமாவது நினைவு தப்பியது
* திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி
* வலிப்பு, குழறிய பேச்சு, ஒரு பக்கக் கை கால் பலவீனம்
* காது, மூக்கிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்
* எழுப்ப முடியாத தூக்கம், சம்பந்தமில்லாத பேச்சு
* ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும்

கழுத்தைத் திருப்பாதீர்கள், தூக்கி உட்காரவைக்காதீர்கள், வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் நடையிலோ நினைவிலோ மாற்றம் தெரிந்தால், ‘அன்னிக்கு விழுந்தாங்க’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கையில் ஒரு தாள் வேண்டும்

விழாமல் பார்த்துக்கொள்வது எல்லாவற்றையும்விட மலிவு. பாத்ரூமில் பிடித்து எழக் கைப்பிடி, சொரசொரப்பான தரை, இரவில் எரியும் சிறு விளக்கு, மாடிப்படியில் கைப்பிடிச் சுவர், மொட்டை மாடியில் இடுப்பளவு சுவர். ஆயுத பூஜைக்கு ஃபேன் துடைக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறும் வழக்கத்தை விடுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும் பெரியவர்கள், கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, தலைசுற்றல் இல்லையென்று தெரிந்தபின் எழட்டும். பாத்ரூம் கதவை உள்ளே தாழிட வேண்டாம்.

அதையும் மீறி விழுந்து, பிழைத்து வருபவர்களுக்கு அரசும் ஆஸ்பத்திரிகளும் உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பெரிய செலவும் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும் தலைக்காய நோயாளியின் குடும்பத்துக்கு இன்று பெரும்பாலும் கிடைப்பது, ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மரியும் மாத்திரைச் சீட்டும்தான். அதோடு தமிழில் ஒரு தாள் கொடுங்கள். கோபம் வரும், மறதி வரும், மோப்பம் போயிருக்கலாம், களைப்பு நீடிக்கும், இவையெல்லாம் காயத்தின் பகுதி என்று அதில் எழுதுங்கள். எப்போது திரும்ப வர வேண்டும், பயிற்சிக்கு எங்கே போக வேண்டும், வண்டி ஓட்டவும் வேலைக்குப் போகவும் யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். பார்த்துக்கொள்பவரும் சோர்ந்துபோவார், அவருக்கும் மாற்று ஆள் வேண்டும் என்பதைக் கடைசி வரியாகச் சேருங்கள். பெரியப்பாவைப் போன்றவர்கள் மாதக்கணக்கில் தட்டுத்தடுமாறித் தாங்களாகவே கற்றுக்கொண்டதை, அடுத்த குடும்பம் முதல் நாளே தெரிந்துகொள்ளட்டும்.